கடைக்கு ஓஎல்இடி டிவி மாட்டலாமா, எத்தனை வருஷம் தாங்கும்?

கொலுசுக்கடை:
வணக்கம்ங்க, சேலம் செவ்வாய்ப்பேட்டைல நமக்கு சின்னதா ஒரு வெள்ளிக் கடை. கொலுசு டிசைன் ஓடவிட 55 இன்ச் ஓஎல்இடி வாங்கலாம்னு இருக்கேன், ஷோரூம்ல அந்த கருப்புல வெள்ளி மின்னுறத பாத்ததுக்கப்பறம் வேற டிவி மேல கண்ணே போகல. ஆனா ஓரத்துல கடை பேரும் அன்னைய ரேட்டும் அப்படியே நிக்கணும், காலைல 10 மணிக்கு போட்டா ராத்திரி 9 வரைக்கும். சேல்ஸ்மேன் லட்சம் மணி நேரம் வரும்ங்கறாரு, மச்சான் ரெண்டே வருஷத்துல எழுத்து அச்சாயிடும்ங்கறான். யாரை நம்பறது? கடைக்கு ஆகாதுன்னா ஏற்காட்டு வீட்டுக்கு ஏத்திடலாமா, அங்க ஈரத்துல பேனல் போயிடுமோ?

குகை_டிவி_சர்வீஸ்:
ரெண்டு வருஷமா மூணான்னு யாரும் சொல்ல முடியாது, ஆனா பயப்படறதுல உங்க மச்சான் பக்கம்தான் நியாயம். லட்சம் மணின்னா உங்க 11 மணி நேரக் கணக்குக்கு 24 வருஷத்துக்கு மேல வருது, கேக்க நல்லாத்தான் இருக்கு. அந்த மாதிரி நம்பர் பெரும்பாலும் வெளிச்சம் பாதியா குறையற வரைக்கும் உள்ளது, திரை முழுக்க சமமா தேயும்ங்கற நெனப்புல. ஓஎல்இடில பின்னாடி லைட் கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியுது, அதனால ரேட் எழுத்து நிக்கற இடம் மட்டும் சீக்கிரம் கிழடாயிடும், அதுலயும் நீல மெட்டீரியலுக்குத்தான் ஆயுசு கம்மி. அப்பறம் கொலுசு படம் ஓடும்போதும் பின்னால நேத்தைய ரேட் ஆவி மாதிரி தெரியும். இப்படி எழுத்து அச்சாகிப் போறதுக்குத்தான் பர்ன்-இன்னு பேரு, அதுக்கு நெறைய கம்பெனி வாரண்டி தர்றதில்ல, கார்டை படிச்சுட்டு காசு கட்டுங்க.

இன்னொரு விஷயம், இத யாரும் கடைல சொல்லமாட்டாங்க. ரிமோட்ல ஆஃப் பண்ணினதுக்கப்பறம்தான் டிவி உள்ளுக்குள்ள பேனல சரி பண்ணிக்கும், அதுக்கு கரண்ட் வேணும். நம்ம ஆளுங்க ஷட்டர் இறக்கும்போது மெயினையே அணைச்சுட்டுப் போவாங்க, அந்த வேலை நடக்கவே நடக்காது.

மலைக்காத்து:
ஏற்காடுன்னதும் வந்தேன். ஈரமும் ஆக்ஸிஜனும் ஓஎல்இடிக்கு எமன்தான், அதனாலயே ஃபேக்டரிலயே பேனல காத்துப் புகாம அடைச்சுத்தான் அனுப்பறாங்க, வெளிய மூடுபனி நிக்கறதுக்கு உள்ள இருக்கறது அழியாது. கெடறது பின்னாடி இருக்கற சர்க்யூட் போர்டுதான். வெளிச்சுவர் ஓதம் அடிக்கும், அதுல மாட்டாதீங்க, மாசக்கணக்குல வீட்டைப் பூட்டிப் போட்டா பூச்சி வேற உள்ள குடியேறிடும். இடி மழை வந்தா மட்டும் பிளக்க பிடுங்கிடுங்க.

கொலுசுக்கடை:
நன்றிங்க ரெண்டு பேருக்கும். அப்ப கடைக்கு சாதா எல்இடி டிவியே போட்டுக்கறேன், ஓஎல்இடி மலை வீட்டுக்கு. ஷோரூம்ல மாட்டி வெச்ச டெமோ பீஸ கொறைச்சு தரேன்ங்கறாங்க, எடுக்கலாமா அண்ணா?

குகை_டிவி_சர்வீஸ்:
அது நாள் முழுக்க ஃபுல் பிரைட்னஸ்ல ஒரே டெமோவ சுத்தி சுத்தி ஓட்டினதுங்க. எடுத்தே ஆகணும்னா முதல்ல எத்தனை மணி நேரம் ஓடிருக்குன்னு மெனுல காட்டச் சொல்லுங்க. பென்டிரைவ்ல வெறும் சாம்பல் கலர் படம் ஒன்னு, அப்பறம் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியா ஒவ்வொன்னு கொண்டு போயி முழுத் திரைல போடுங்க, கடை லைட்ட கொஞ்சம் அணைக்கச் சொல்லிட்டு மூலைங்கள பாருங்க, லோகோ நிழல் தெரிஞ்சா எவ்வளவு கொறைச்சாலும் வேண்டாம்.