கிராமங்களுக்கான அரசுச் செலவு பற்றிய வாக்குவாதத்தில் நீங்கள் நேரில் கண்டது என்ன? (அனுபவப் பகிர்வு)

கொங்குநாட்டு ஆசிரியை

2025 ஜனவரி 26 கிராம சபை. எங்கள் ஊராட்சியை அருகிலுள்ள மாநகராட்சியோடு இணைக்கப் போகிறார்கள் என்ற செய்தி பொங்கலுக்கு முன்பே பரவிவிட்டதால், வழக்கமாகப் பள்ளித் திண்ணைக்குள் அடங்கிவிடும் கூட்டம் அன்று சாலை வரை நின்றது. தலைவர், வார்டு உறுப்பினர்கள் ஆகியோரின் பதவிக்காலம் அந்த மாதம் 5ஆம் தேதியோடு முடிந்திருந்தது. எனவே ஊரின் பெயரால் பதில் சொல்லக்கூடியவர் என்று மேசைக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. தனி அலுவலரின் சார்பில் வந்திருந்த ஓர் அதிகாரி மட்டுமே இருந்தார்.

வீட்டுமனை வைத்திருப்பவர்கள் இணைப்பை வரவேற்றார்கள். பாதாளச் சாக்கடை வரும், நிலத்தின் மதிப்பு உயரும் என்றார்கள். வீட்டுவரி எவ்வளவு ஏறும் என்று வேறு சிலர் கேட்டார்கள். இந்தச் சத்தத்துக்கு நடுவே, நகைக்கடைப் பையில் வேலை அட்டையைச் சுற்றி வைத்திருந்த ஒரு மூதாட்டி எழுந்து, "ஏனுங் சார், டவுனோட சேத்திப்போட்டீங்கன்னா நூறு நாள் வேலை இருக்குமுங்களா?" என்று கேட்டார்.

'இருக்காது' என்பதே அதற்கான பதில். அந்தத் திட்டம் சட்டப்படி ஊரகப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. எல்லைக் கோடு மாறிய அன்றே அட்டைக்கு மதிப்பு போய்விடும். இது அந்த அதிகாரிக்குத் தெரியும், எனக்கும் தெரியும், கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, "அடுத்த பொருள் குடிநீர்" என்று தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினார். மூதாட்டி உட்காரவில்லை. குடிநீர் பற்றிய பேச்சு முடியும்வரை, பதில் வரும் என்ற நம்பிக்கையோடு நின்றுகொண்டே இருந்தார்.

இணைப்பு நல்லதா கெட்டதா என்பதில் எனக்கே இன்னும் உறுதியான முடிவு இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் வருமானத்தை எடுத்துக்கொள்ளும் முடிவை எடுப்பவர்கள், எடுத்துக்கொள்கிறோம் என்பதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டாமா?

டெல்டா விவசாயி

ஆசிரியை அவர்களின் வருத்தம் நியாயமானது. ஆனால் அந்த நூறு நாள் வேலையைப் பற்றி மறுபக்கமும் இங்கே பதிவாகவேண்டும். நான் திருவாரூர் மாவட்டத்தில் நெல் போடுபவன். சம்பா நடவு நேரத்தில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும்போது ஆள் கிடைக்காமல் அலைந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அப்படி ஆள் தேடிப் போன ஒரு நாள், எங்கள் ஊர்ப் பெண்கள் ஏறத்தாழ எல்லாரும் பாசன வாய்க்கால் கரையில், நூறு நாள் வேலையின் வருகைப் பதிவுக்கு எடுக்கும் இரண்டாவது புகைப்படத்துக்காகக் காத்திருந்தார்கள். வாய்க்காலில் அன்று தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தூர் வார வழியே இல்லை, கரைப் புல்லைத்தான் செதுக்கியிருந்தார்கள். "நாத்து வீணாப் போவுதும்மா, நாலு நாளு வந்து நட்டுக் கொடுத்துட்டுப் போங்க" என்று கேட்டேன். எங்கள் வயலில் பல ஆண்டுகள் நட்ட ஓர் அம்மாள் எழுந்து வந்து, "அண்ணே, நடவுக்கு நாலு நாளு கூப்புடுவீங்க. களைக்கு மருந்தடிச்சிடுவீங்க. அறுப்புக்கு மெசினு வந்துடும். மிச்ச நாளெல்லாம் நாங்க எங்க போறது, சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் என்னால் மறுக்க முடியவில்லை. நான் களைக்கொல்லி அடிக்கிறேன், அறுவடைக்கு இயந்திரம் வைக்கிறேன், கட்டுப்படியாகாததால்தான் வைக்கிறேன். இருந்தாலும் என் கருத்து மாறவில்லை. பொதுப்பணம் கிராமத்துக்கு வரட்டும், இன்னும் அதிகமாகவே வரட்டும்; ஆனால் வேலை முடிந்த பிறகு அந்தப் பணம் ஊரில் எதையாவது நிலைநிறுத்திவிட்டுப் போகவேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வரவேண்டுமானால் வாய்க்காலைக் கோடையில் ஆழமாக வாரவேண்டும், மதகைச் செப்பனிடவேண்டும். தண்ணீர் ஓடும்போது கரையைச் செதுக்கிக்கொண்டிருப்பதால் விவசாயிக்கும் நன்மை இல்லை, ஊருக்கும் நன்மை இல்லை. வேளாண் பருவத்தில் 60 நாள் வரை இந்த வேலையை நிறுத்திவைக்கலாம் என்று 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் சொல்வதை நான் வரவேற்கிறேன்.

கண்மாய்க்கரை

டெல்டா விவசாயி அவர்களுக்கு: உங்கள் ஊரில் ஆற்றுப் பாசனம் இருக்கிறது, சம்பா இருக்கிறது. எங்கள் சிவகங்கைச் சீமையில் மழை பொய்த்தால் கண்மாயும் காய்ந்து, வயலும் காய்ந்து கிடக்கும். நிறுத்திவைப்பதற்கு இங்கே எந்தப் பருவ வேலை நடக்கிறது? ஒரே சட்டத்தை இரண்டு மண்ணுக்கும் ஒரே கண்ணால் பார்க்கிறீர்கள்.

நான் சில காலம் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தேன். 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவை எல்லாத் தளங்களிலும் கைப்பேசிச் செயலியில்தான் செய்யவேண்டும் என்றாகிவிட்டது. காலையில் ஒரு படம், நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு படம். கண்மாய்க்குள் சிக்னல் கிடைக்காது; கரை மேல் ஏறி, கலுங்கின் பக்கம் போய் நின்றால்தான் படம் ஏறும். ஒரு நாள் எங்கள் குழுவில் ஒரு பெண், அங்கன்வாடியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பியதால், என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். போவதற்கு முன் தனக்கு அளந்துவிட்ட குழியை வெட்டி முடித்திருந்தாள். இரண்டாவது படத்துக்கான நேரம் வந்தது. எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்துப் பதிவேற்றுகிறேன்; கண்மாயின் மறுகரையிலிருந்து இடுப்பில் குழந்தையோடு அவள் ஓடி வருகிறாள். கருவேலம் முள் காலில் ஏறியதைக்கூடப் பார்க்காமல் ஓடி வந்தவள், "எடுத்துட்டியாக்கா?" என்று கேட்டாள். படம் ஏறிவிட்டிருந்தது. வெட்டிய குழி அங்கேயே இருந்தது, ஆனால் படத்தில் அவள் இல்லை.

'சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள்' என்று பேசுபவர்களைக் கேட்கும்போதெல்லாம் அந்த ஓட்டந்தான் என் கண்ணுக்குள் வருகிறது. அந்தச் சம்பளமும் எவ்வளவு? 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நாளொன்றுக்கு 336 ரூபாய் என்று அறிவித்தார்கள்; வெட்டிய அளவைப் பார்த்துக் குறைத்துக் கணக்கில் ஏறுவதே பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் மாதக்கணக்கில் கூலியே வரவில்லை. 1,056 கோடி ரூபாய் நிலுவையை விடுவிக்குமாறு 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச் மாதத்தில் அந்த நிலுவை 4,034 கோடி என்று சொல்லி மாநிலத்தில் அப்போது ஆட்சியிலிருந்த கட்சியே ஒன்றியந்தோறும் ஆர்ப்பாட்டம் செய்தது. நிதி வந்தது, வரவில்லை, கணக்குக் கொடுத்தார்கள், கொடுக்கவில்லை என்று இரு அரசுகளும் வழக்காடிக்கொண்டிருந்த மாதங்களில், அண்ணாச்சி கடையில் எங்கள் பெண்களின் பற்றுக் கணக்குதான் ஏறிக்கொண்டே போனது.

ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர்

மேலே எழுதிய மூவரும் உண்மையையே எழுதியிருக்கிறார்கள். என் அனுபவம் சிறியது. ஒரு கிராம சபையில், தெருவிளக்கு வேண்டும் என்று ஓர் இளைஞர் கேட்டதற்கு, 'நிதி இல்லை' என்று மேசையிலிருந்து பதில் வந்தது. அவர், "நிதிக் குழு மானியத்தில் எவ்வளவு வந்தது, அதைப் படியுங்கள்" என்றார். மத்திய அரசிலிருந்து ஊராட்சிக்கு வரும் அந்த மானியத்தின் தொகையை, நான் பதிவேட்டைப் பிரித்துப் படித்தேன். கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது, ஏனெனில் அந்தத் தொகையை அதற்கு முன் யாரும் அங்கே வாய்விட்டுப் படித்துக் கேட்டதில்லை. அந்த இளைஞர் அதன்பின் வேலை தேடித் திருப்பூர் போய்விட்டார். அவரைப் போல் கேட்க வேறு யாரும் வரவில்லை என்பதுதான் இன்றும் எனக்குக் குறையாக இருக்கிறது.

ஆகவே இங்கே எழுதுபவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவைக்க விரும்புகிறேன். ஆசிரியை அம்மா, அந்த மூதாட்டியின் கேள்வியைத் தீர்மானமாக எழுதவைத்திருக்கவேண்டும். கிராம சபையில் வாயால் கேட்டது காற்றோடு போகும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதற்குத்தான் மேலிருப்பவர்கள் எழுத்தில் பதில் சொல்லவேண்டியிருக்கும். முதலில் குறைவெண் வரம்பை, அதாவது கூட்டம் செல்லுபடியாக இருக்கவேண்டிய குறைந்த அளவு ஆட்களை, பாருங்கள்: மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் இருக்கவேண்டும். வெற்றுத்தாளிலோ, தீர்மானம் எழுதுவதற்கு முன்போ யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. தீர்மானத்தை முழுவதும் எழுதி, உரக்கப் படித்துக்காட்டிய பிறகே போடவேண்டும். நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள்.

கண்மாய்க்கரை அம்மாவின் ஊர்ப் பெண்கள் வேலையை வாயால் கேட்டுவிட்டுக் காத்திருந்தால் பயனில்லை. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கவேண்டும். 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தரவேண்டும் என்று நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. சீட்டு இல்லாதவர்கள் அந்தப் படியைக் கேட்கவே முடியாமல் போனதை நான் மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன். கூலி தாமதமானால், வருகைப் பட்டியல் முடிந்த 16ஆம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு உண்டு என்றும் அந்தச் சட்டத்தில் இருந்தது. தொகை சிறிதுதான்; ஆனாலும் கேட்டால், தாமதம் யாருடையது என்பதை அலுவலகம் எழுதியாகவேண்டும். சட்டம் மாறினாலும் ஒப்புகைச் சீட்டு வாங்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. 2021-26க்கான பதினைந்தாவது நிதிக் குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டிருந்தது, 40 விழுக்காட்டை ஊர் தன் தேவைக்கேற்பச் செலவிட முடிந்தது. அதைச் சம்பளத்துக்கு எடுக்கக்கூடாது என்றிருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊராட்சிக்கு அந்த மானியமே நின்றுபோகும் என்று இருந்ததையும் கவனியுங்கள். 28 மாவட்டங்களில் தேர்தல் தள்ளிப்போனதால் ஊர்கள் இழந்தது இந்த உரிமையையும்தான்.

மலையடிவாரச் செவிலியர்

செயலர் ஐயா, விண்ணப்பமும் சீட்டும் எழுதத் தெரிந்தவர்களுக்கு உதவும். என் அனுபவம் பேருந்து பற்றியது.

தருமபுரி மாவட்டத்தில் ஒரு துணைச் சுகாதார நிலையத்தில் பணிபுரிகிறேன். எங்கள் ஊரில் இரவு தங்கி விடியற்காலை புறப்படும் நகரப் பேருந்து ஒன்று இருந்தது. ஆட்கள் குறைவு என்று அதை நிறுத்தினார்கள். அது நின்றபின், பிரசவத் தேதி நெருங்கியவர்களை முன்கூட்டியே நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கவைக்கச் சொல்லவேண்டியதாயிற்று. 108 வரும், ஆனால் மாதப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் 108 வராது. மீண்டும் பேருந்து கேட்டு ஊர்ப் பெண்களோடு நானும் போக்குவரத்துக் கழக அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர், "இந்த டிரிப்புல கலெக்ஷனே இல்லீங்களே, ஏறுறதெல்லாம் லேடீஸ்" என்றார். எங்களோடு வந்திருந்த ஒன்பதாம் மாதக் கர்ப்பிணி, அதைக் கேட்டதும் சட்டென்று தன் சேலைத் தலைப்பை வயிற்றின் மேல் இழுத்து மூடிக்கொண்டார், ஏதோ தவறு செய்துவிட்டவரைப் போல.

2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் உள்ளது. அதற்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு செய்கிறது. அப்படியிருக்க, சீட்டுக்குக் காசு கொடுக்காதவர் பயணியே அல்லர் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது? 2025 ஜூனில் புதிய மினி பேருந்துத் திட்டம் தொடங்கியபோது எங்கள் ஊரில் பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் அது தனியார் பேருந்து, கட்டணம் உண்டு. இலாபம் இல்லாத தடத்துக்கு அதன் உரிமையாளர் எதற்கு வருவார்? யாரும் இலாபத்துக்கு வரமாட்டாத இடத்துக்கு வருவதற்காகத்தானே அரசு இருக்கிறது?

புறநகர்வாசி

முதல் பதிவுக்கு என் பதில். 2011இல் சென்னை மாநகராட்சியோடு 42 உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்த்தபோது எங்கள் ஊராட்சியும் அதில் ஒன்று. இணைத்ததால் கெட்டுப்போனோம் என்று நான் சொல்லமாட்டேன். சாலை வந்தது, குப்பை வண்டி வந்தது, மெதுவாகவேனும் மழைநீர் வடிகால் வந்தது. ஊராட்சியின் வருமானத்தில் இவற்றைக் கனவிலும் செய்திருக்க முடியாது.

இழந்தது வேறு. முன்பெல்லாம் தண்ணீர் வராவிட்டால் தொட்டி ஆபரேட்டர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். அவர் வெளியூர் போயிருந்தால் அவருடைய மனைவி வந்து வால்வைத் திருகிவிட்டுப் போவார். இணைத்த பிறகு ஒரு கோடையில், எங்கள் தெருவில் தண்ணீர் நின்றுபோய்ப் புகார் சொல்லப் போனோம். சன்னலுக்குப் பின்னால் இருந்தவர், "எந்த ஏரியா?" என்றார். பெயரைச் சொன்னோம். "அது எங்க இருக்கு?" என்றார். தலைமுறைகளாக நாங்கள் குடியிருந்த ஊரை, அதன் பெயரையே கேள்விப்படாத ஒருவரிடம் வழி சொல்லி விளக்கவேண்டியிருந்தது. என் தந்தை பாதியிலேயே பேச்சை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார். நகரங்களில் பகுதி சபை என்று 2022இல் தொடங்கினார்கள். கிராம சபைபோல் ஊரார் எல்லாரும் உட்கார்ந்து வரவு செலவைக் கேட்கும் இடமாக எங்கள் பகுதியில் அது இன்னும் ஆகவில்லை. எனவே ஆசிரியை அவர்களே, இணைப்புக்குச் சம்மதிக்கும் முன், அப்படிக் கேட்க ஓர் இடம் இருக்கும் என்பதற்கு உங்கள் ஊரார் எழுத்தில் உறுதி கேட்கட்டும்.

டெல்டா விவசாயி

கண்மாய்க்கரை சகோதரிக்கு: இடுப்பில் குழந்தையோடு ஓடி வந்த பெண்ணைப் பற்றிப் படித்துவிட்டு என் மனைவியிடமும் படித்துக்காட்டினேன். அவளுடைய அன்றையக் கூலியை மறுத்தது அநியாயம், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. வானம் பார்த்த பூமிக்கும் டெல்டாவுக்கும் ஒரே அளவுகோல் கூடாது என்பதையும் ஏற்கிறேன். நிறுத்திவைக்கும் நாட்களை மாநில அரசுதான் அறிவிக்கவேண்டும் என்பதால், மாவட்டத்துக்கு மாவட்டம், பட்டத்துக்குப் பட்டம் வேறாக அறிவிக்க இடம் உண்டு. அதை இப்போதே கேட்கவேண்டும்.

ஆனால் புதிய சட்டத்தில் என்னை உறுத்துவது வேறொன்று. பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசே கொடுத்தது. இப்போது 60-க்கு 40 என்று பிரித்து, நாட்களை மட்டும் 100-லிருந்து 125 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். அந்த நாற்பதை மாநிலம் தன் வருவாயிலிருந்து எடுக்கும்போது, எந்தச் செலவைக் குறைத்து எடுக்கும்? செவிலியர் அம்மா கேட்கும் பேருந்தையா, எங்கள் வாய்க்கால் தூர் வாரும் பணத்தையா? அடுத்த கிராம சபையில் இதைத்தான் கேட்கப் போகிறேன். செயலர் ஐயா சொன்னபடி எழுத்தில் கொடுத்து, சீட்டும் வாங்குவேன். எங்கள் ஊரில் நடவுக்கு வர மறுத்த அந்த அம்மாளும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.