ரோட்டரி சுவிச்சும் அதற்குப் பொருந்தும் நொப்பும்: வீட்டில் பெடல் செய்வோரின் அனுபவப் பகிர்வு (எழுதுவோர் தத்தம் ஊர்ப் பெயரில்)

கல்லடி

கிற்றார் பெடலுக்கு (ஒலியை மாற்றும் கால் பெட்டிக்கு) ரோட்டரி சுவிச் (தண்டைத் திருப்பித் தெரிவு செய்யும் சுவிச்) எடுக்கும்போது எல்லாரும் முதலில் பார்ப்பது எத்தனை பொசிஷன் என்பதைத்தான். அந்தக் கணக்கு லேசு. 30 பாகைக்கு ஒரு கிளிக் வைக்கிற லோர்லின், அல்பா கம்பனி வகைகளில் வெளிவட்டத்தில் மொத்தம் 12 கால். அதையே 1 போல் 12 (தனியே மாறும் ஒரு தொகுதி, அதற்கு 12 பொசிஷன்), 2 போல் 6, 3 போல் 4, 4 போல் 3 என்று பிரித்து விற்கிறார்கள். நடுவில் இருப்பவை பொதுக் கால்கள், ஒரு போலுக்கு ஒன்று. 2 போல் 6 என்றால் ஏ என்ற பொதுக் காலுக்கு 1 முதல் 6 வரை, பி-க்கு 7 முதல் 12 வரை. மல்டிமீற்றரை பீப்பில் (தொடர்பு இருந்தால் சத்தமிடும் நிலையில்) வைத்து ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பி, தாளில் வரைந்த பிறகு வயர் வையுங்கள். முன்பக்கம் வலமாக ஓடும் வரிசை, பின்பக்கத்தால் பார்த்தால் இடமாக ஓடும்.

தலையிடி தருவது வேறு. ஒரு கிளிக்கிலிருந்து அடுத்ததற்குப் போகும் அந்தக் கணத்தில் சர்க்கியூட்டுக்கு என்ன நடக்கிறது? ஷோர்ட்டிங் வகை புதிய காலைத் தொட்ட பிறகே பழையதை விடும். நொன்-ஷோர்ட்டிங் வகை பழையதை விட்ட பிறகே புதியதைத் தொடும். எந்த வகை என்று சுவிச்சின் மேலே எழுதியிருக்காவிட்டால் மீற்றரின் இரண்டு ஊசியையும் 1 ஆம், 2 ஆம் கால்களில் வைத்து, இரண்டு கிளிக்குக்கும் இடையே மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் பீப் வந்தால் ஷோர்ட்டிங்.

ஒப்-ஆம்பின் (ஒலியைப் பெருக்கும் சிப்பின்) ஃபீட்பாக் ரெசிஸ்டரை மாற்றி கெயின் (பெருக்கம்) கூட்டிக் குறைக்கிற வேலைக்கு நொன்-ஷோர்ட்டிங்கை அப்படியே போட்டால், இடைவெளியில் ஃபீட்பாக் அறுந்து கெயின் எல்லையில்லாமல் ஏறும். ஸ்பீக்கரில் 'டொம்' என்று அடிக்கும். கையில் அதுதான் இருக்கிறதென்றால் ஒரு வழி உண்டு: 1 மெகாஓம் ஒன்றை நிரந்தரமாகப் பூட்டி விட்டு, சுவிச்சால் மற்றவற்றை அதற்குப் பக்கவாட்டில் சேருங்கள். 1 மெகாஓம் சேர்ந்தால் 500 கிலோஓம், 220 சேர்ந்தால் ஏறக்குறைய 180, 100 சேர்ந்தால் 91. சுவிச் எங்கே நின்றாலும் ஃபீட்பாக் அறாது.

இரண்டு வேறு வோல்ற்றேஜில் ஒன்றைத் தெரிவு செய்யும் இடத்தில் மட்டும் ஷோர்ட்டிங்கை நினைக்கவே வேண்டாம். நடுவில் இரண்டு சப்ளையும் ஒன்றாய் முட்டும்.

கல்முனை

கல்லடி அண்ணன் சொன்னதோடு 'டப்' சத்தத்தையும் சேர்க்க வேண்டும். திருத்தக் கொண்டு வருகிற பெடல்களில் கூடுதலாகக் காண்பது இதுதான். கப்பாசிட்டர் மாற்றும் ரோட்டரியில், தெரிவாகாத கப்பாசிட்டர்கள் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். அதனால் சார்ஜ் ஏறாது. திருப்பினதும் 4.5 வோல்ற்றுக்கு (9 வோல்ற் பெடலில் பாதி) ஒரேயடியாக ஏறும், அந்த ஏற்றமே சத்தம். சுவிச்சின் ஒவ்வொரு காலிலிருந்தும் பொதுக் காலுக்கு ஒரு ரெசிஸ்டர் வையுங்கள், 1 முதல் 10 மெகாஓம் வரை. எல்லாமே எப்போதும் சார்ஜிலேயே இருக்கும், சத்தமும் போய்விடும். கிப்சன் 1959 இல் ஈஎஸ்-345 கிற்றாரில் போட்ட வாரிட்டோன் என்ற ஒலி மாற்றும் ரோட்டரியிலும் இதே காரணத்துக்காக 10 மெகாஓம்கள் இருக்கின்றன.

எந்தப் பெறுமதி போடுவது என்பதிலும் கனபேர் காசை வீணாக்குகிறார்கள். உள்ளீட்டில் 1 மெகாஓம் இருக்கும் பெடலில் 22 நானோபரட்டுக்கும் 100 நானோபரட்டுக்கும் வித்தியாசம் காதுக்கு விழாது. வெட்டும் இடம் (இதற்குக் கீழுள்ள ஒலி குறையும்) முதலாவதில் 7 ஹேர்ட்ஸ், மற்றதில் 1.6 ஹேர்ட்ஸ். கிற்றாரின் தடித்த ஈ தந்தியே 82 ஹேர்ட்ஸ். அங்கே வித்தியாசம் வேண்டுமென்றால் 1 நானோபரட் (159 ஹேர்ட்ஸ்), 470 பிக்கோபரட் (ஏறக்குறைய 340) என்று கீழே இறங்க வேண்டும்.

டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்ட்ரைவ் பெடல் வகையில் கப்பாசிட்டர் மாற்ற நல்ல இடம், 4.7 கிலோஓமும் 47 நானோபரட்டும் தரைக்கு இறங்கும் கிளை. அசல் 720 ஹேர்ட்ஸில் வெட்டும். 100 போட்டால் 340, 220 போட்டால் 154, 470 போட்டால் 72. ஒவ்வொரு கிளிக்குக்கும் பேஸ் நிறைவது வடிவாகக் கேட்கும். இங்கே இடைவெளியில் கிளை அறுந்தாலும் கெயின் 1க்கு இறங்குமே தவிர ஏறாது. ஆகவே நொன்-ஷோர்ட்டிங்கே காணும்.

கிளிப்பிங் டையோடு (ஒலி அலையின் உச்சியை வெட்டும் டையோடு) மாற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 1 போல் வாங்காதீர்கள். 1என்4148 சோடி 0.6 வோல்ற்றில் வெட்டும், சிவப்பு எல்ஈடி சோடி ஏறக்குறைய 1.7 இல் வெட்டும். ஒரே கிளிக்கில் 9 டெசிபெல் பாயும். கோயில் மேடையிலோ கல்யாண வீட்டிலோ வாசிக்கிற பிள்ளைக்கு அது உதவாது. 2 போல் 6 எடுத்து, இரண்டாவது போலால் ஒவ்வொரு சோடிக்கும் ஏற்ற குறைப்பு ரெசிஸ்டரையும் சேர்த்து மாற்றுங்கள்.

செங்கலடி

12 பொசிஷன் சுவிச் இருக்கிறது, எனக்கு 5 போதும். பொசிஷன் எண்ணிக்கையை மட்டுப்படுத்தும் வாசரை மாற்றிப் போட்டும் நாலாவதிலிருந்துதான் தொடங்குகிறது. ஏன், அண்ணன்மார்?

கல்முனை

தம்பி, தண்டை இடப்பக்கம் முட்டும் வரை திருப்பின பிறகுதான் வாசரைத் தூக்க வேண்டும். நடுவில் நின்றபடி தூக்கிப் போட்டால் தொடக்கம் இடம் மாறிவிடும். முழுதும் திருப்பி, வாசரின் நாக்கை 5 என்ற எண்ணுக்குரிய துளையில் இறக்கி, மேலே பூட்டு வாசர், அதன் மேல் நட். நட் இறுகாமல் சோதித்துப் பார்க்க வேண்டாம். வாசர் மேலெழும்பி, தண்டு தடையைத் தாண்டி ஓடும்.

அக்கரைப்பற்று

நொப் (தண்டில் பூட்டித் திருப்பும் பிடி) பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் அதைக் கடைசியில் வாங்குகிறவர்கள்தான் கூடுதல். சுவிச்சும் நொப்பும் ஒரே ஓடரில் வர வேண்டும். தண்டு மூன்று வகை. 6.35 மி.மீ உருளை (கால் அங்குலம்), 6 மி.மீ டி-வெட்டு, 6 மி.மீ பல் வைத்த பிளவுத் தண்டு. பல்லிலும் 18 பல், 24 பல் என்று இரண்டு உண்டு. ஒன்றின் நொப் மற்றதில் ஏறாது, அடித்து ஏற்றினால் நொப் வெடிக்கும்.

பொட்டுக்கு (கிளிக் இல்லாமல் கூட்டிக் குறைக்கும் பொட்டென்சியோமீற்றருக்கு) எந்த நொப்பும் சரி. ரோட்டரிக்கு முள் காட்டும் திசை சரியாக இருக்க வேண்டும். பல் வைத்த தண்டில் நொப்பை நினைத்த திசையில் பூட்ட முடியாது. 18 பல் என்றால் 20 பாகைக்கு ஒரு தடம், சுவிச்சின் கிளிக்கோ 30 பாகை. பெட்டியில் போட்ட புள்ளிக்கு 10 பாகை வரை விலகி நிற்கலாம். உருளைத் தண்டும், பக்கத்துத் திருகாணியால் பூட்டும் நொப்பும் எடுத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

ஆனால் லோர்லின் தண்டு பிளாஸ்ரிக். திருகாணி அதைக் குடைந்து, நாளடைவில் நொப் தனியே சுற்றும். அரத்தால் 1 மி.மீக்குக் குறைவாக ஒரு தட்டை முகம் சீவி, திருகாணியை அந்த முகத்தில் இறக்குங்கள். 6.35 நொப்பை 6 மி.மீ தண்டில் போட வேண்டி வந்தால் பித்தளைக் குழாய் அடப்டர் நல்லது. கிடைக்காவிட்டால் சோடா கான் தகட்டை ஒரு சுற்றுச் சுற்றி, திருகாணி இறங்கும் இடத்தை மட்டும் வெட்டி விடுங்கள்.

வடிவத்தில் என் தெரிவு சிக்கன் ஹெட் (கோழித்தலை போல மூக்கு நீண்ட நொப்). கிளிக் உள்ள தண்டைத் திருப்பப் பிடி வேண்டும். டேவிஸ் 1900 மாதிரி சிறு வட்ட நொப் பொட்டுக்கு அழகு, ரோட்டரியில் விரல் வழுக்கும். ஆனால் சிக்கன் ஹெட்டின் மூக்கு நடுவிலிருந்து ஏறக்குறைய 20 மி.மீ நீளும். 60 மி.மீ அகலமுள்ள 1590பி பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வைக்க இடமில்லை. ஒன்று சிக்கன் ஹெட், மற்றவை சிறு வட்டம் என்று பிரியுங்கள். கால் சுவிச்சுக்குத் தூரமான ஓரமே அதற்கு இடம். செருப்புக் கால் விழுந்தால் பிளாஸ்ரிக் தண்டு முறியும்.

காத்தான்குடி

அக்கரைப்பற்றுக் காக்கா (அண்ணன்) சொன்ன சுவிச்சுக்கு ஈயம் வைக்கும்போதும் கவனம் வேண்டும். 350 பாகை செல்சியஸ், ஒரு காலுக்கு 2 அல்லது 3 செக்கன். கூடினால் சுவிச்சின் உடல் இளகிக் கால் சரியும். கிளிக் கேட்கும், தொடுகை இருக்காது. கால்கள் கீழ்நோக்கிச் சாயும்படி பிடித்து வையுங்கள், ரோசின் உள்ளே வழியாது.

வாவிக் காற்றில் வெள்ளிப் பூச்சுக் கால்கள் கறுக்கும். திருப்பாமல் கிடந்த சுவிச் மாரி முடிந்ததும் கரகரக்கும். அந்தத்திலிருந்து அந்தம் வரை இருபது தடவை திருப்பினாலே பாதி சரியாகும், மீதிக்கு கொண்டாக்ட் கிளீனர். துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், படலம் தங்கித் தூசியைப் பிடிக்கும்.

செங்கலடி

5 சரியாக வேலை செய்கிறது. நன்றி. பெட்டியில் துளை எவ்வளவு?

கல்லடி

லோர்லினின் கழுத்து 3/8 அங்குலம், 10 மி.மீ துளை போதும். முதலில் 3 மி.மீ துளை, பிறகு படி பிட். கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு முளை நிற்கும், அதை நறுக்காதீர்கள். முளை இல்லாவிட்டால் சுவிச் முழுவதும் சுற்றி வயர்கள் அறும். முளையின் தூரத்தை அளந்து அதற்கும் ஒரு துளை போட்டு, எண் எழுதிய டயல் தகட்டை மேலே வைத்து மூடி விடுங்கள்.