லண்டன் சாரிட்டி ஷாப்: எந்த ஏரியாவுக்கு முதல்ல போறது?

மலைக்கோட்டை23:
செப்டம்பர் கடைசியில படிக்க லண்டன் வர்றேன். குளிர் கோட்டு, சமையல் பாத்திரம், ஒரு மேசை நாற்காலி எல்லாம் சாரிட்டி ஷாப்புல (தானமா வந்த பழைய சாமானை விக்கிற கடை) 120 பவுண்டுக்குள்ள முடியணும். "பணக்காரங்க இருக்கிற ஏரியா சாரிட்டி ஷாப்புக்குப் போ, செல்சியா போ"ன்னு எல்லா வீடியோவிலயும் சொல்றாங்க. அது சரியா? முதல் நாள் எங்க போனா அலைச்சல் குறையும்?

பழையபொத்தான்:
பாதி சரி. செல்சியாவில ஓல்ட் சர்ச் ஸ்ட்ரீட் ரெட் கிராஸ் கடை மாதிரி இடங்களுக்கு நல்ல சரக்கு வரும், மறுக்கல. ஆனா விலை போடுறவங்களுக்கும் லேபிள் படிக்கத் தெரியும். டிசைனர் கோட்டு தேடுறவங்களுக்கு அது லாபம், 120 பவுண்டுல எல்லாத்தையும் முடிக்கணும்னா இல்ல.

ஏரியா எவ்வளவு பணக்கார ஏரியான்னு பார்க்காதீங்க. ஒரே நடையில எத்தனை கடை ஏறி இறங்கலாம்னு பாருங்க. பிம்லிக்கோ அதுக்குத் தோது. விக்டோரியா ஸ்டேஷன்ல இறங்கி வில்டன் ரோடு, அப்பர் டாக்புரூக் ஸ்ட்ரீட், வார்விக் வேன்னு சுத்தினா ஃபாரா உட்பட பல கடை கால்நடையிலயே முடிஞ்சிரும். பஸ்ல வேற ஏரியா போறதா இருந்தா, முதல் பஸ்ல கார்டு தட்டினதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஏறுற அடுத்த பஸ்ஸுக்கும் காசு கிடையாது. வார நாள் காலையில போங்க. நிறைய கடை சாயங்காலம் அஞ்சு, அஞ்சரைக்கே மூடிருவாங்க, ஞாயிறு திறக்காததும் உண்டு.

டிரெயிட்ங்கிற சாரிட்டியோட கடைகளுக்கு மட்டும் கணக்கு வேற. ஊர் முழுக்கச் சேர்க்கிற துணியை வெம்பிளியில பிரிச்சுத்தான் கடைகளுக்கு அனுப்புறாங்க. அதனால பிரிக்ஸ்டன் கடையா கில்பர்ன் கடையான்னு யோசிக்க வேண்டாம், பக்கத்துல எது இருக்கோ அதுக்குப் போங்க.

கோட்டுல முதல்ல பார்க்க வேண்டியது உள்பக்கத் தையல்ல இருக்கிற சின்ன லேபிள். கம்பளி பாதிக்கு மேல இருந்தா எடுங்க. "ட்ரை கிளீன் மட்டும்"னு இருந்தா அந்தச் செலவையும் விலையோட கூட்டிப் பாருங்க, சில நேரம் கோட்டை விட அது ஜாஸ்தியாகும். உள்ள ஸ்வெட்டர் போட்டுட்டே போட்டுப் பாருங்க, தோள் பிடிச்சா ஜனவரியில பட்டன் மாட்டாது. பிரைமார்க் (மலிவு விலைத் துணிக்கடை) லேபிள் இருந்தா புதுசு என்ன விலைன்னு யோசிச்சிட்டு எடுங்க. ரெண்டு, மூணு பவுண்டுதான் வித்தியாசம்னா பழசு எதுக்கு?

வடலியடி:
தம்பி, கம்பளி வாங்கேக்க அந்துப்பூச்சியை மறக்காதேங்கோ. கொலருக்குக் கீழ, கக்கத்தில, பொக்கற்றுக்குள்ள பாருங்கோ. பிறகு வெளிச்சத்துக்கு நேர பிடிச்சா ஊசிமுனை அளவு ஓட்டையும் தெரியும். அரிசி மாதிரி வெள்ளைக் கூடு ஒண்டு கண்டாலும் திருப்பி வையுங்கோ, அறையில இருக்கிற மற்ற உடுப்பையும் அது அரிக்கும். ஓட்டை இல்லை, ஆனா சந்தேகம் எண்டால் பையில இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 பாகை ஃப்ரீசரில ரெண்டு கிழமை வைச்சு எடுங்கோ.

மேசை கதிரைக்குச் சின்ன கடையளைச் சுத்தாதேங்கோ. பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனுக்குத் தளபாடம், மின்சாதனம் விக்கிற பெரிய கடையள் தனியா இருக்கு. வெறும் மர மேசைக்குப் பிரச்சினை இல்லை. மெத்தை வைச்ச கதிரை, சோபாவில தீப்பாதுகாப்பு லேபிள் தைச்சிருக்க வேணும், 1988ஆம் ஆண்டுச் சட்டம் அது. லேபிளை ஆரும் வெட்டியிருந்தால் கடையே அதை எடுக்காது. வீட்டுக்குக் கொண்டு வந்து தர எவ்வளவு எண்டு காசு குடுக்க முதல் கேளுங்கோ. 20 பவுண்டு மேசைக்கு அதே அளவு டெலிவரிக் காசு கட்டுறதில அர்த்தமில்லை.

மின்சாமான் எண்டால் சோதிச்ச ஸ்டிக்கர் பிளக்கில இருக்கோ எண்டு பாருங்கோ. கேத்தில், ஹீட்டருக்கு 13 ஆம்ப் ஃபியூஸ், மேசை விளக்குக்கு 3 ஆம்ப் போதும்.

மலைக்கோட்டை23:
நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். பாத்திரம்? அம்மா அலுமினிய குக்கரைப் பெட்டியில வைக்கிறாங்க.

இரும்புக்கடாய்:
ஹாஸ்டல்ல என்ன அடுப்புன்னு மெயில் போட்டுக் கேட்டுட்டுப் பெட்டி கட்டுங்க. இண்டக்‌ஷன்னா அலுமினிய குக்கர் சூடே ஆகாது. கடைக்குப் போறப்போ ஃப்ரிட்ஜ் காந்தம் ஒண்ணு பையில இருக்கட்டும், பாத்திரத்தோட அடியில நச்சுன்னு ஒட்டினாத்தான் வாங்கலாம். லேசா ஒட்டி வழுக்கினா சூடு சரியா ஏறாது. அடி வளைஞ்சதும் வேண்டாம், தரையில வச்சு ஆட்டிப் பாருங்க. நான்-ஸ்டிக்ல கீறல் இருந்தா இலவசமா குடுத்தாலும் எடுக்காதீங்க. பழைய பிரஷர் குக்கரும் வேண்டாம். ரப்பர் இறுகிப்போயிருக்கும், அந்த மாடலுக்கு மாத்து ரப்பர் தேடுறதுக்குள்ள செமஸ்டரே முடிஞ்சிரும். தட்டு, டம்ளர், கரண்டி எந்தக் கடையிலயும் கிடைக்கும், அதுக்காக பஸ் ஏற வேண்டாம்.

தலையணை, குளிர் போர்வை மட்டும் புதுசா வாங்குங்க. குளிர்காலத்துக்கு 13.5 டாக் (போர்வையோட கதகதப்பைச் சொல்ற அளவு) போதும்.

ஊர் திரும்பறப்போ இதையெல்லாம் அதே கடையில குடுக்கலாம். அப்போ கிஃப்ட் எய்ட் படிவம் நீட்டுவாங்க, நீங்க கட்டின வரியில ஒரு பங்கை அரசாங்கத்துகிட்ட இருந்து சாரிட்டி வாங்கிக்கிறதுக்கு. அது அந்த வருஷம் போதுமான அளவு அங்க வரி கட்டினவங்களுக்கு மட்டும். வரி கட்டாத மாணவர் கையெழுத்துப் போட்டா, அந்தப் பணத்தை உங்ககிட்டயே கேட்பாங்க.