கத்திரி வெயிலில் காராமணியும் வேலிமசாலும்: சென்னைச் சுற்றுவட்டார மாடு வளர்ப்போர் அனுபவப் பகிர்வு

செங்குன்றத்திலிருந்து:

பங்குனி பிறந்துவிட்டால் சோழவரம், செங்குன்றம் பக்கம் வரப்புப் புல் எல்லாம் கருகிவிடும். கம்பு நேப்பியர் என்னும் ஒட்டுத் தீவனப்புல் தண்ணீர் பாய்ச்சினால் நிற்கும். ஆனால் புல்லை மட்டும் அறுத்துப் போட்டால் புரதம் பற்றாமல் பால் இறங்கும். அந்தக் குறையை முழுக்கப் புண்ணாக்கை வைத்தே ஈடுகட்டப் பார்த்தால் பால் காசு அதற்கே போய்விடும். அந்தப் புரதத்துக்காகக் கோடையில் முதலில் போட வேண்டியது பயறுவகையான தீவனக் காராமணிதான். கோ 5, கோ 9 இரண்டும் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக ரகங்கள். விதைக்கு ஆலமாதி தீவன நிலையத்தில் விசாரியுங்கள்.

ஏக்கருக்கு 16 கிலோ விதை, அதாவது சென்ட்டுக்கு 160 கிராம். வரிசைக்கு வரிசை ஓரடி, செடிக்குச் செடி அரையடி. ரைசோபியத்தை (பயறுச் செடியின் வேர் முடிச்சில் இருந்து காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்) வடிகஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி அன்றே விதைக்க வேண்டும். கஞ்சி நன்றாக ஆறியிருக்கணும். சூட்டோடு கலந்தாலும் வெயிலில் காயவைத்தாலும் நுண்ணுயிர் செத்துப்போகும், விதைத்தவருக்குத் தெரியவே தெரியாது.

அது வேலை செய்கிறதா என்று 25 முதல் 30 நாளில் பார்த்துவிடலாம். செடியைப் பிடித்து இழுக்காதீர்கள், முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். வேரில் இருக்கும் முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அது தழைச்சத்தைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இலை வெளிறியதும் யூரியாவைக் கொட்டுவது இங்கே பலருக்குப் பழக்கம். யூரியா கூடக்கூட முடிச்சு கட்டுவது குறையும். அடியுரத்தில் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) சரியாகக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பொன்னேரியிலிருந்து:

செங்குன்றத்து அண்ணன் சொன்னதோடு தண்ணீர்க் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விதைத்ததும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு 10 நாளுக்கு ஒருமுறை. எங்கள் பக்கத்துக் களிமண்ணில் அதற்கு மேல் நிறுத்திப் பாய்ச்சினால் வேர் அழுகும். பாத்தி கட்டுவதைவிடப் பார், அதாவது மேட்டு வரிசை, பிடித்து அதன் மேல் விதைப்பது நல்லது.

அறுவடை 50 முதல் 55 நாளில், பாதிச் செடி பூத்திருக்கும்போது. காய் முற்றட்டும் என்று காத்திருந்தால் கீழ் இலை உதிர்ந்து தண்டு நாராகிவிடும். மாடு நுனியைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கும்.

மொத்த நிலத்திலும் ஒரே நாளில் விதைப்பதுதான் பெரிய தவறு. ஒரு வாரம் தின்று தீராது, அடுத்த மாதம் ஒன்றும் இருக்காது. இரண்டு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்குத் தலைக்கு 8 கிலோ காராமணி என்றால் 10 நாளுக்கு 160 கிலோ. சென்ட்டுக்கு 80 கிலோ என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் 2 சென்ட் போதும். மாசி தொடங்கி 10 நாளுக்கு ஒருமுறை 2 சென்ட் விதைத்துக்கொண்டே வாருங்கள். ஏழு துண்டு, மொத்தம் 14 சென்ட். ஏழாவது துண்டு விதைத்து முடிக்கும்போது முதல் துண்டு அறுத்துக் காலியாகியிருக்கும், திரும்ப உழுது போடலாம்.

திருப்போரூரிலிருந்து:

கடற்கரைப் பக்கம் உப்புத்தண்ணீர் இருப்பவர்கள் கவனிக்கவும். காராமணி உப்பை ஓரளவுக்கு மேல் தாங்காது, இலை ஓரம் கருகி வளர்ச்சி நின்றுவிடும். விதைக்கும் முன் போர்த் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குதிரை மசாலைக் கோடையில் புதிதாக விதைக்க வேண்டாம். அது மிதமான குளிர் கேட்கும் பயிர், இந்தப் புழுக்கத்தில் தேறாது.

காட்டாங்கொளத்தூரிலிருந்து:

இடம் குறைவாக இருந்தால் வேலிமசால், அதுவும் பயறுவகைத் தீவனச் செடிதான். ஒருமுறை போட்டால் பல வருடம் நிற்கும், வேலியோரத்திலும் வரப்பிலும் நடலாம். ஏக்கருக்கு 8 கிலோ விதை, வரிசை இடைவெளி 50 செ.மீ.

முளைக்கவில்லை என்று வரும் புகாருக்கெல்லாம் காரணம் ஒன்றுதான்: விதைத்தோல் கடினம், தண்ணீர் உள்ளே போவதில்லை. தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, 80 டிகிரிக்குச் சூடு தணிந்ததும் விதையைப் போட்டு 5 நிமிடம் வைத்து வடித்துவிட வேண்டும். பிறகு பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறட்டும். காலையில் ஊறி உப்பிய விதையும் கல் மாதிரி கிடக்கும் விதையும் கண்ணுக்கே தெரியும். கல் மாதிரி இருப்பதை மட்டும் எடுத்து இன்னொரு முறை வெந்நீரில் போடுங்கள். அடுப்பில் வைத்தபடியே கொதிக்கவிட்டால் கரு வெந்துவிடும்.

முதல் அறுப்புக்கு 90 நாள் ஆகும். அதனால் தை மாதமே விதைத்தால்தான் சித்திரையில் கைக்கு வரும். முழங்கால் உயரத்தில், அதாவது தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டினால் 40 நாளுக்கு ஒருமுறை தழைக்கும். தரையோடு வெட்டினால் துளிர் தாமதமாகும், கோடையில் தூரே காயும். முதல் மூன்று மாதம் கோரை ஏறிவிடாமல் இரண்டு களை கட்டாயம்.

மாதவரத்திலிருந்து:

போடுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். பசுந்தீவனத்தில் பயறுவகை மூன்றில் ஒரு பங்கு, மீதி சோளம், மக்காச்சோளம், நேப்பியர் ஏதாவது ஒன்று. காலையில் அறுத்து நிழலில் பரப்பி, வாடிய பிறகு மாலையில் போடுங்கள். பசியோடு இருக்கும் மாட்டுக்கு ஈர இலையை நேரே காட்டினால் இடப்பக்கம் வயிறு உப்பும். முதலில் இரண்டு பிடி வைக்கோல், பிறகு புல்லோடு கலந்து நறுக்கிய காராமணி. உப்பிவிட்டால் மாட்டை நிற்க வைத்து உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், 1962 என்ற கால்நடை அவசர ஊர்தி எண்ணுக்கும் சொல்லலாம். எண்ணெய் ஊற்றுகிறேன் என்று தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

சவுண்டல் (சூபாபுல்) மரத் தழையும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதில் உள்ள மிமோசின் நச்சு, நாள்கணக்கில் அதையே போட்டால் முடி கொட்டும். அகத்தியை அடியோடு மொட்டையாக வெட்டினால் மரம் பட்டுப்போகும், ஒரு மீட்டர் விட்டுக் கிளை ஒடிக்கணும். அமாவாசை அன்று கோயில் வாசலில் கட்டியிருக்கும் ஒரே மாட்டுக்கு ஆளுக்கொரு கட்டு அகத்தி கொடுக்கிறோம். அதையே நாலு மாட்டுக்குப் பிரித்துக் கொடுத்தால் அந்த மாடு படும் அவஸ்தை குறையும்.

ஆவடியிலிருந்து:

காராமணியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி பற்றி யாரும் சொல்லவில்லை. வெயில் ஏற ஏற நுனிக்குருத்திலும் பூங்கொத்திலும் கறுப்பாக அப்பிக்கொள்ளும், எறும்பு வரிசையாக ஏறினால் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீவனப் பயிருக்கு நஞ்சு மருந்து வேண்டாம், அது பாலில் வரும். 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் போதும்: 10 லிட்டருக்கு அரை கிலோ பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். 45 நாளுக்கு மேல் பூச்சி அதிகமாகிவிட்டால் தெளிப்பதைவிட அறுத்துப் போடுவதே லாபம்.

மிஞ்சியதை உலர்த்துபவர்கள் உச்சி வெயிலில் கிளறாதீர்கள், இலை நொறுங்கித் தண்டுதான் மிஞ்சும். விடியலில் பனி ஈரம் இருக்கும்போதே புரட்டிவிடுங்கள். தண்டை நகத்தால் சுரண்டினால் பட்டை உரியாமல் இருக்கணும், அதுவரை அடுக்கக் கூடாது.