வேர்டு படிவம்: தட்டினால் கோடு ஓடுகிறது, திருத்தப் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது

மேசைவிளக்கு:
வணக்கம். ஒரு சிறிய அறக்கட்டளையில் அலுவலக வேலை பார்க்கிறேன். கல்லூரிப் பிள்ளைகளுக்கான உதவித்தொகை விண்ணப்பம் மூன்று பக்கம், வேர்டு ஃபைல். எனக்கு முன்னால் இருந்தவர் செய்து வைத்தது. பெயர், முகவரி எல்லாவற்றுக்கும் எதிரே புள்ளி புள்ளியாகக் கோடு. "பிறந்த தேதி ............ வயது ......" என்று ஒரே வரியில் இருக்கும். பிள்ளைகள் கணினியில் நிரப்பும்போது தேதியைத் தட்டத் தட்ட, வயது நகர்ந்து நகர்ந்து அடுத்த வரிக்கு இறங்கிவிடுகிறது. மூன்று பக்கம் நாலு பக்கமாகி, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தனித்தாளில் அநாதையாக வருகிறது.

இரண்டாவது பக்கத்தில் சாம்பல் நிறத்தில் சில கட்டங்கள் உண்டு. அங்கே மட்டும்தான் தட்ட முடியும். வருமான வரம்பு மாறியிருக்கிறது, அந்த ஒரு எண்ணைத் திருத்தலாம் என்று போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. போட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அவருக்கே நினைவில்லையாம். நிரப்பவும் எளிதாக, அடுத்த வருடம் நானே திருத்தவும் எளிதாக இருக்க என்ன செய்வது? ஆபிஸில் வேர்டு 2016.

பழைய தட்டச்சர்:
முதலில் பூட்டைத் திறப்போம், அம்மா. புதிதாக ஒரு வெற்று ஃபைல் திறந்து, இன்சர்ட்டில் ஆப்ஜெக்ட் பக்கத்திலுள்ள அம்புக்குறியை அழுத்தி, 'டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல்' என்று பழைய படிவத்தைக் கொண்டுவாருங்கள். உள்ளே இருப்பது வரும், பூட்டு வராது. உங்கள் சொந்தப் படிவம் என்பதால் சொல்கிறேன்.

அப்புறம் அந்தப் புள்ளிகளை மொத்தமாகத் தூக்கிவிடுங்கள். புள்ளியும் ஒரு எழுத்துதான். நீங்கள் பத்து எழுத்து தட்டினால், அங்கே இருக்கும் இருபது புள்ளி வலப்பக்கம் தள்ளப்படும். கோடு வேண்டுமானால் அட்டவணை போடுங்கள்: நாலு பத்தி, "பிறந்த தேதி", வெற்றறை, "வயது", வெற்றறை. எல்லா பார்டரையும் எடுத்துவிட்டு வெற்றறைகளுக்குக் கீழ்க்கோடு மட்டும். டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் ஆப்ஷன்ஸ் போய் 'ஆட்டோமேட்டிக்கலி ரீசைஸ் டு ஃபிட் கன்டென்ட்ஸ்' என்ற டிக்கை எடுங்கள். அதை விட்டுவிட்டால் நீளமான பெயரைத் தட்டியதும் பத்தி அகலமாகி மறுபடி அதே கூத்துதான்.

வரிசை உயரம் 'அட் லீஸ்ட்' 0.8 செ.மீ. என்று வையுங்கள். பிரிண்ட் எடுத்துப் பேனாவால் எழுதுபவருக்கும் இடம் போதும், முகவரி இரண்டு வரியானால் அறை தானே வளரும்.

காகிதக்கப்பல்:
அக்கா, அந்தச் சாம்பல் கட்டங்கள் லெகஸி ஃபார்ம் ஃபீல்டு, அதாவது பழைய வகை நிரப்பும் கட்டம். படிவத்தைப் பூட்டினால்தான் அது வேலை செய்யும். அதனால்தான் உங்கள் முன்னவர் பாஸ்வேர்டு போட்டிருப்பார். வேர்டு 2007-இலிருந்து கன்டென்ட் கன்ட்ரோல் என்று வேறொரு வகை நிரப்பும் கட்டம் வந்துவிட்டது (சுருக்கமாகக் கன்ட்ரோல் என்கிறேன்), அதற்குப் பூட்டே தேவையில்லை. ரிப்பனில் ரைட் கிளிக் செய்து கஸ்டமைஸ் போய் டெவலப்பர் டேபை டிக் பண்ணுங்கள். பிறகு ஒவ்வொரு வெற்றறையிலும் கர்சரை வைத்து பிளெய்ன் டெக்ஸ்ட் கன்ட்ரோல் ஒன்றைப் போடுங்கள். ரிச் டெக்ஸ்ட் வேண்டாம், பிள்ளைகள் சிவப்பிலும் பச்சையிலும் ஒட்டுவார்கள்.

மற்றவர்கள் "வருமானம்" என்ற தலைப்பையே அழித்துவிடாமல் இருக்க, எல்லாம் முடிந்ததும் விசைப்பலகையில் கன்ட்ரோல்-ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, டெவலப்பரில் குரூப் கொடுங்கள். கன்ட்ரோலுக்கு உள்ளே மட்டும் தட்டலாம், வெளியே எதையும் தொட முடியாது. பாஸ்வேர்டு கிடையாது. அடுத்த வருடம் வரம்பை மாற்றும்போது அதே இடத்தில் அன்குரூப், திருத்து, மறுபடி குரூப்.

பழைய தட்டச்சர்:
தம்பி சொல்வது சரி. ஆனால் லெகஸியில் 'இத்தனை எழுத்துக்கு மேல் கூடாது' என்று கட்டுப்படுத்தலாம். கன்டென்ட் கன்ட்ரோலில் அந்த வசதி இல்லை. ஆதார் எண்ணுக்கு எப்படி?

காகிதக்கப்பல்:
ஐயா, வந்த படிவத்தை எப்படியும் ஒரு ஆள் படித்துத்தானே சரிபார்ப்பார். 12 இலக்கமா என்று எண்ணிக்கொள்ளட்டும். தயவுசெய்து 12 தனிக் கட்டம் மட்டும் போடாதீர்கள். பேனாவுக்கு அது அழகு. கணினியில் ஒரு இலக்கம், ஒரு டேப், ஒரு இலக்கம், ஒரு டேப் என்று அடித்துப் பாருங்கள், ஆறாவதிலேயே கோபம் வரும். ஒரே அறை, ஒரே கன்ட்ரோல் போதும்.

பிறந்த தேதிக்கு டேட் பிக்கரும் வேண்டாம். பதினெட்டு வருடம் பின்னால் போக நாட்காட்டியை மாதம் மாதமாகத் தள்ளுவார்கள். சாதாரண டெக்ஸ்ட், உள்ளே "நாள்-மாதம்-ஆண்டு" என்று குறிப்பு.

மேசைவிளக்கு:
முக்கால்வாசி முடித்துவிட்டேன், இருவருக்கும் நன்றி. மூன்று சிக்கல். ஒன்று, கையால் எழுதுபவர்களுக்குப் பிரிண்ட் எடுத்தால் ஒவ்வொரு அறையிலும் "கிளிக் ஆர் டேப் ஹியர்..." என்று ஆங்கிலத்தில் அச்சாகிறது. இரண்டு, செக்பாக்ஸைச் சொடுக்கினால் டிக் வருவதற்குப் பதில் பெருக்கல் குறி வருகிறது. ஒரு பெண் "விடுதியில் தங்குகிறேன்" என்பதில் அந்தக் குறியைப் பார்த்துவிட்டு, 'இல்லை' என்று பதிவாகிவிட்டதோ என்று போன் செய்து கேட்டார்! மூன்று, எழுத்தளவு 12 என்று ஸ்டைல் செய்து கன்ட்ரோலுக்குக் கொடுத்தேன். ஆங்கிலப் பெயர் 12-இல் வருகிறது, தமிழில் தட்டினால் சிறியதாக வருகிறது.

காகிதக்கப்பல்:
ஒன்று: டெவலப்பரில் டிசைன் மோடை அழுத்திவிட்டு அந்த வாசகத்தை மாற்றலாம். மொத்தமாக அழித்தால் பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஸ்பேஸ் ஏழெட்டு முறை அடித்து வெற்றிடம் வையுங்கள். கணினிக்கு ஒன்று, கைக்கு ஒன்று என இரண்டு பிரதி வைத்தாலும் தப்பில்லை.

இரண்டு: செக்பாக்ஸின் ப்ராப்பர்ட்டீஸில் செக்டு சிம்பல், சேஞ்ச். ஃபான்ட் 'சேகோ யுஐ சிம்பல்', கேரக்டர் கோடு 2611. கட்டத்துக்குள் டிக் வரும். ஒன்றைச் சரிசெய்து அதையே மற்ற இடங்களுக்கு நகலெடுங்கள்.

பழைய தட்டச்சர்:
மூன்றாவது என் ஏரியா. வேர்டுக்குத் தமிழ் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்'. ஸ்டைலை மாடிஃபை செய்து, ஃபார்மேட், ஃபான்ட் திறந்தால் லத்தீனுக்கு ஒரு வரிசை, காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்டுக்குக் கீழே இன்னொரு வரிசை இருக்கும். நீங்கள் 12 போட்டது மேல் வரிசையில் மட்டும். கீழேயும் ஃபான்ட் 'நிர்மலா யுஐ', அளவு 12 கொடுங்கள். விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருகிறது.

ஆமாம், பழைய படிவம் யூனிகோடுதானே? இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் இருந்தால், அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் "பெயர்" என்பது நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாகத் தெரியும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிதான் சாவி. எங்கள் ஆபிஸில் அரைப்புள்ளியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவோம்.

மேசைவிளக்கு:
ஐயா, சரியாகப் பிடித்தீர்கள்! உறுதிமொழிப் பத்தி முழுக்கப் பாமினி. என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு மாற்றிவிட்டேன். எழுத்தளவும் சரியாகிவிட்டது. கடைசியாக ஒன்று: விண்ணப்பதாரர் பெயர் முதல் பக்கம், உறுதிமொழி, ரசீது என்று மூன்று இடத்தில் வருகிறது. மூன்று தடவை தட்டச் சொன்னால் மூன்று விதமாகத் தட்டுகிறார்கள்.

காகிதக்கப்பல்:
இன்சர்ட், குயிக் பார்ட்ஸ், டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டி, அதில் 'சப்ஜெக்ட்'. இதை மூன்று இடத்திலும் போடுங்கள். ப்ராப்பர்ட்டீஸில் டைட்டிலை "விண்ணப்பதாரர் பெயர்" என்று மாற்றிக்கொள்ளலாம். ஓரிடத்தில் தட்டினால் மற்ற இரண்டும் தானே நிரம்பும்.

முடித்ததும் டெம்ப்ளேட்டாக, அதாவது டாட்எக்ஸ் ஆகச் சேமியுங்கள். இருமுறை சொடுக்கினால் புதுப் பிரதிதான் திறக்கும், மூலத்தின் மேல் யாரும் சேமித்துவிட முடியாது. நீங்கள் திருத்தும்போது மட்டும் ரைட் கிளிக் செய்து ஓபன்.

மேசைவிளக்கு:
பெயர் மூன்று இடத்திலும் வந்துவிட்டது. நேற்று ஒரு பையனை உட்கார வைத்து நிரப்பச் சொன்னேன். மூன்று பக்கம் மூன்று பக்கமாகவே நின்றது, கையெழுத்து இடமும் அங்கேயே. வருமான வரம்பை மாற்ற அன்குரூப் செய்ததிலிருந்து மறுபடி குரூப் செய்தது வரை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முன்னவருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். "பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டிருக்கிறார்.