அப்பா ஃபுளூ ஊசி வேண்டாம் என்கிறார், எப்படிப் பேசுவது?

செந்தூல் மகள்:
அப்பாவுக்கு 68 வயது, பத்து வருடமாக இனிப்பு நீர். போன மாதம் கிளினிக்கில் டாக்டர் ஃபுளூ ஊசி போடச் சொன்னார். "எனக்கு வேண்டாம் டாக்டர்" என்று அப்பா எழுந்தே விட்டார். தினமும் தன் கையாலேயே வயிற்றில் இன்சுலின் குத்திக்கொள்கிறவர், ஊசிக்குப் பயமே கிடையாது. 2021-இல் கோவிட் ஊசி இரண்டும் போட்டார், போடாவிட்டால் வேலைக்கு வராதே என்று சொன்னதால். அவரோடு ஒரே நாளில் போட்டுக்கொண்ட கூட்டாளி மூன்றாவது வாரம் நெஞ்சுவலியில் போய்விட்டார். அதைப் பற்றி வீட்டில் யாரும் அவரிடம் உட்கார்ந்து பேசியதில்லை. நானும் வாட்ஸ்அப் வீடியோக்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பட்டர்வொர்த் தாதி:
தங்கச்சி, வீடியோவை விடுங்கள், அந்தக் கூட்டாளியைப் பற்றிக் கேளுங்கள். வேண்டாம் என்கிற பெரியவர்கள் பலருக்குள் இப்படி ஒரு கதை இருக்கிறது. "போன வருடம் போட்டேன், அடுத்த வாரமே சளி பிடித்தது" என்பதுதான் நான் அதிகம் கேட்பது. ஃபுளூ ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி, அதனால் ஃபுளூ வராது. ஆனால் உடம்பு தயாராக இரண்டு வாரம் பிடிக்கும், மற்ற சளிக் கிருமிகளை அது தடுக்கவும் தடுக்காது. முதலிலேயே சொல்லாவிட்டால் ஏமாந்தது போலத்தான் இருக்கும். கை வலிக்கும், ஓரிரு நாள் லேசாகக் காய்ச்சல் வரலாம் என்று சொல்லிவிட்டுத்தான் நான் ஊசியை எடுப்பேன்.

வற்புறுத்தவும் வேண்டாம். 2021 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? மக்கள் பயப்படுகிறார்கள் என்று அஸ்ட்ராஜெனெகா என்ற கோவிட் ஊசியைத் தனியாகப் பிரித்து, விரும்புகிறவர்கள் பதிந்துகொள்ளலாம் என்றார்கள். கோலாலம்பூர், சிலாங்கூரில் 268,600 இடங்கள் சுமார் மூன்று மணி நேரத்தில் நிரம்பின. மருந்து மாறவில்லை, முடிவு அவரவர் கைக்கு வந்தது.

கெப்போங் லோரிக்காரர்:
எல்லாருக்கும் பயம்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் லீவு போட்டால் எனக்கு அன்றைய சம்பளம் இல்லை. பிரைவேட்டில் போட்டால் கைக்காசு. இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன், கேட்டவர்களிடம் "நம்பிக்கை இல்லை" என்று சொல்லிவைத்தேன்.

செந்தூல் மகள்:
அக்கா, ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது அப்பாவிடம் கேட்டேன். கோப்பி ஆறிப்போகும் வரை பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "ஊசி போட்ட மறுநாள் கை வலிக்குதுன்னு போன் பண்ணான். நான் சிரிச்சேன்." நாலு வருடமாக இதை மனசில் வைத்திருந்திருக்கிறார். அந்தக் கூட்டாளிக்கு முன்பே இதய அடைப்பு இருந்ததாம், அதையும் அவரே சொன்னார். என் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகாதா என்று டாக்டரிடம் நேராகக் கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுவாராம். சரி என்றேன். வியாழக்கிழமை கூட்டிப்போகிறேன். கேள்வியை அவரே கேட்கட்டும், நான் வாயைத் திறக்கப்போவதில்லை.