பெர்ஜராக் தொடர்: இவ்வளவு சிறிய தீவில் இத்தனை குற்றங்கள் எப்படிப் பொருந்துகின்றன?

கேள்வி (இரவுப்பார்வையாளர்):
பிபிசி 1981 முதல் 1991 வரை ஒளிபரப்பிய ‘பெர்ஜராக்’ துப்பறியும் தொடரை முதன்முறையாக வரிசைப்படி பார்த்து வருகிறேன். கதை நிகழும், ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சித் தீவின் பரப்பு ஏறத்தாழ 118 சதுர கிலோமீட்டர். தொடரிலோ 87 பகுதிகள் உள்ளன. கொலையும் கொள்ளையும் மோசடியும் இப்படித் தொடர்ந்தால் தீவே காலியாகிவிடும் என்று தோன்ற வேண்டும், ஆனால் பார்க்கும்போது அந்த உறுத்தல் எழவில்லை. அதற்கு என்ன காரணம்? ஜிம் பெர்ஜராக் பணிபுரியும் ‘ப்யூரோ தெ எத்ரான்ஜே’ என்ற பிரிவு உண்மையில் அங்கே இருந்ததா?

பதில் (கடலோரன்):
அந்தப் பிரிவு கற்பனையே. ஆனால், உங்கள் முதல் கேள்விக்கான விடையும் அந்தக் கற்பனைக்குள்தான் இருக்கிறது. பிரெஞ்சுப் பெயரின் பொருள் ‘அயலார் பணியகம்’. தீவுக்கு வந்துபோகிறவர்களும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களும் தொடர்புடைய வழக்குகளை அது கவனிக்கிறது. எனவே குற்றவாளி படகிலோ விமானத்திலோ வந்து இறங்கலாம், கதை முடிந்ததும் தீவின் மக்கள்தொகைக்குச் சேதமின்றி மறைந்தும் போகலாம். தொடரை உருவாக்கிய ராபர்ட் பேங்க்ஸ் ஸ்டூவர்ட்டின் மிகப் பெரிய கெட்டிக்காரத்தனம் இதுவென்றே கருதுகிறேன். (நாயகனாக நடித்த ஜான் நெட்டில்ஸ் 1997இல் தொடங்கிய ‘மிட்சமர் மர்டர்ஸ்’ தொடரில், உள்ளூர்வாசிகளே ஒருவரையொருவர் கொன்று தீர்க்கும் கிராமங்களில் துப்பறிய நேர்ந்தது தனி வேடிக்கை.) ஜெர்சியின் வருமான வரி 20 சதவீதம் என்பதால் செல்வந்தர்கள் அங்கே குடியேறுவதும் இயல்பாகிறது. பெர்ஜராக்கின் முன்னாள் மாமனாரான சார்லி ஹங்கர்ஃபோர்ட், ஏதோவொரு வணிகப் பேரத்தின் வாயிலாக ஏறக்குறைய எல்லா வழக்குகளிலும் வந்து நுழைவதை நாம் பொறுத்துக்கொள்வதும் இதனால்தான்.

பதில் (சட்டப்புள்ளி):
மேற்கண்ட விளக்கத்தை ஏற்கிறேன், ஆயினும் உண்மையான ஜெர்சி கதையைவிட விசித்திரமானது என்பதைச் சொல்லியாக வேண்டும். அத்தீவு ஐக்கிய இராச்சியத்தின் பகுதியன்று. தனக்கெனச் சட்டமன்றமும் நீதிமன்றமும் கொண்டு, பிரித்தானிய முடியாட்சியைச் சார்ந்திருக்கும் பகுதி. ஊதியம் பெறும் காவல்துறையோடு, பாரிஷ் எனப்படும் 12 வட்டாரங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்டு ஊதியமின்றிப் பணிபுரியும் கௌரவக் காவலர்களும் உள்ளனர். ஒருவர்மீது முறைப்படி குற்றம் சாட்டும் அதிகாரம் அவர்களுள் ‘சென்டனியர்’ என்னும் பதவியில் இருப்பவருக்கே உரியது என்பதால், துப்பறியும் சார்ஜென்ட்டான பெர்ஜராக் எவ்வளவு திறமையாகக் குற்றவாளியைப் பிடித்தாலும் இறுதிக் கட்டத்தில் ஊதியமற்ற ஒருவரை நாட வேண்டியவரே. இந்த முரண்பாட்டைத் தொடர் இன்னும் நன்றாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது என் குறை.

பதில் (பழையநாடா):
நடைமுறையை அவ்வளவு விளக்கியிருந்தால் ஐம்பது நிமிடக் கதை நகர்ந்திருக்காது, நண்பரே. தீவு பொருந்துவதற்கு என் சான்று அந்த 1947ஆம் ஆண்டு ட்ரையம்ப் ரோட்ஸ்டர் கார்தான். வேறெங்கும் துரத்தலுக்குச் சிறிதும் உதவாத வண்டி அது. ஜெர்சியிலோ உச்ச வேக வரம்பே மணிக்கு 40 மைல், சாலைகளும் குறுகியவை. பிற்காலத்தில் பெர்ஜராக் காவல்பணியை விட்டு, பிரான்சின் ப்ரோவான்ஸ் பகுதியில் தனியார் துப்பறிவாளராகும் கதைகளுக்கு வரும்போது கவனித்துப் பாருங்கள்: அதே நடிகர், அதே குணம், ஆனால் திரும்பும் திசையெல்லாம் கடல் மறிக்கும் அந்த நெருக்கடி இல்லை. எனக்கு ஆர்வம் குன்றியது அங்கேதான்.

மறுமொழி (இரவுப்பார்வையாளர்):
மூவருக்கும் நன்றி. நான் இன்னும் ப்ரோவான்ஸ் கதைகளை எட்டவில்லை. நேற்றிரவு பார்த்த பகுதியில், பெர்ஜராக் ஒருவரைக் கைது செய்தவுடன் காட்சி துறைமுகத்துக்குத் தாவியது. குற்றச்சாட்டைப் பதிவு செய்த சென்டனியர் எங்கே என்று இனிமேல் ஒவ்வொரு முறையும் தேடத்தான் போகிறேன்.